தொட்டிச் செடியும் வளர்ப்பவரின் கடமையும்

செம்பருத்தி பல்லாண்டு வாழும் செடி. நிலத்தில் நட்டால் ஆளுயரத்தைக் கடந்து புதராக விரியும். வங்காளத்தில் 'ஜபா' எனப்படும் அதன் செம்மலர் காளி பூஜைக்கு மிகவும் உகந்தது. காலையில் விரியும் பூ பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடுவதால், வீட்டிலேயே ஒரு செடி இருப்பதைப் பக்தர்கள் விரும்புகின்றனர். முற்றமில்லாத கொல்கத்தா, மும்பை அடுக்குமாடி வீடுகளில் அது தொட்டியில்தான் வாழ்கிறது. அங்குதான் ஒரு தர்மசங்கடம் எழுகிறது. ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அச்செடியை வெளியே எடுத்து, சுருண்டுகிடக்கும் வேர்களைக் களைந்து, புதுமண்ணில் வைக்க வேண்டும். வழிபாட்டுக்கு மலர் தரும் ஓர் உயிரின் வேரில் கத்தி வைப்பது முறையா?

இத்தயக்கத்தைப் பேதைமை என்று தள்ளிவிட இயலாது. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில், மரங்களுக்கு உயிருணர்வு உண்டா என்று பரத்வாஜர் ஐயுறுகிறார். அவை வெப்பத்தில் வாடுகின்றன. வேரால் நீர் பருகுகின்றன. கொடிகள் பற்றுக்கோட்டைச் சுற்றிப் படர்கின்றன. வெட்டிய இடத்தில் மீண்டும் துளிர்க்கின்றன. ஆகவே அவை உயிருள்ளவையே என்பது பிருகு முனிவரின் விடை. சமணர்கள் கிழங்குகளை உண்ணாது தவிர்ப்பதும் வேரோடு பறிப்பதால் நேரும் உயிர்க்கேட்டை எண்ணியே. 1917-இல் கொல்கத்தாவில் ஆய்வு நிலையம் நிறுவிய ஜகதீச சந்திர போஸ், தூண்டல்களுக்குச் செடிகள் காட்டும் எதிர்வினையை நுண்கருவிகளால் பதிவு செய்தார். நரம்பும் மூளையும் இல்லாத செடி மனிதரைப் போல் வலியை உணர்வதாக இன்றைய தாவரவியலாரில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆயினும், வலி இல்லை என்பதாலேயே பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது.

நிலத்தில் நிற்கும் செம்பருத்தி யாருக்கும் கடன்பட்டதன்று. ஒருபுறம் ஈரம் வற்றினால் அதன் வேர் மறுபுறம் செல்லும். ஆழத்தில் உணவு தேடும். தொட்டியில் உள்ள செடிக்கு அவ்வழி அடைபட்டுவிட்டது. அடைத்தது விதியன்று, ஒரு மனிதனின் விருப்பம். மலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக அவன் செடியின் வழியை அடைத்தான். ஆதலால் அவ்வழி தந்திருக்கக்கூடிய அனைத்தையும் தருவது அவன் கடமை. இது அன்பால் மட்டும் பிறக்கும் கடமையன்று. அன்பு இல்லாத நாளிலும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

வெட்டத் தயங்குபவரின் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சுவரை முட்டிய வேர் திரும்பி, சுவரோரமாகவே வட்டமிடுகிறது. சில ஆண்டுகளில் மண் குறைந்து வேரே நிறைகிறது. ஊற்றும் நீர் தங்காமல் அடித்துளை வழியே ஓடிவிடுகிறது. காலையில் நீர் பெற்ற செடி மாலையில் தலை தொங்குகிறது, இலை மஞ்சளாகிறது, மொட்டு உதிர்கிறது. சில வேர்கள் அடித்தண்டையே சுற்றி இறுக்கிவிடுவதும் உண்டு. கத்தியைத் தொடாதவரின் மனம் அமைதியாக இருக்கலாம். அந்த அமைதிக்கான விலையைச் செடி கொடுக்கிறது. செய்யாமல் விடுவதும் ஒரு செயலே. அஹிம்சையின் பெயரால் இதை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் எல்லா நெருக்கமும் துன்பமன்று. காகிதப்பூச் செடி வேர் நெருங்கிய நிலையில்தான் நன்றாகப் பூக்கும். சுவரின் வண்ணத்துக்குப் பொருந்தவில்லை என்று நல்ல நிலையில் உள்ள செடியைப் பிடுங்கி வேறு தொட்டியில் வைப்பவர், செடிக்குச் செய்வதாகச் சொல்லித் தமக்கே செய்துகொள்கிறார். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தபின்தான் முடிவு செய்ய வேண்டும்.

தொட்டியைத் தேர்ந்தெடுப்பதில் தாராள மனம் கொண்டோரே அதிகம் தவறுகின்றனர். இனித் தொல்லை வேண்டாம் என்று சிறு செடியைப் பெருந்தொட்டியில் வைக்கின்றனர். வேர் எட்டாத இடத்து மண்ணில் நீரை உறிஞ்ச எதுவும் இல்லை. அங்கு ஈரம் தேங்கிக் காற்று புகாமல் போக, வேர் அழுகுகிறது. பழைய தொட்டியைவிட இரண்டு அங்குலம் அகலமானது போதும். பெறுபவரின் கொள்ளளவை அறியாத கொடையைப் பற்றிக் குழந்தை வளர்க்கும் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை.

மும்பை தாராவியின் கும்பார்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் தலைமுறைகளாகச் சுடுமண் கலங்கள் வனைகின்றனர். மெருகிடாத அத்தகைய தொட்டியின் நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாகி வேர் குளிர்ந்திருக்கும். ஆனால் மண் விரைவில் காயும். பிளாஸ்டிக் தொட்டியும் மெருகிட்ட பீங்கானும் ஈரத்தை நெடுநேரம் வைத்திருக்கும். மறதி உள்ளவருக்குப் பிளாஸ்டிக்கும், ஓயாமல் நீரூற்றுபவருக்குச் சுடுமண்ணும் ஏற்றவை. தொட்டியைத் தேர்வதற்கு வளர்ப்பவர் தம் சுபாவத்தையும் அறிந்திருக்க வேண்டும் போலும்! எதுவாயினும் அடியில் துளை வேண்டும். துளையில்லாத் தொட்டியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்பது வீண் நம்பிக்கை. வெளியேற வழியில்லாத நீர் உள்ளேதான் நிற்கும்.

வட இந்தியாவில் குளிர் விலகும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இதற்கு உகந்தவை. முதல் நாள் நன்கு நீரூற்ற வேண்டும். மறுநாள் அடித்தண்டை விரல்களுக்கிடையே தாங்கித் தொட்டியைக் கவிழ்த்து விளிம்பைத் தட்டினால் மண்கட்டி கழன்றுவிடும். வட்டமிட்ட வேர்களையும் அழுகியவற்றையும் தூய கத்தியால் நீக்கி, ஏனைய வேர்களைத் தொடாமல் விட வேண்டும். கூர்மையற்ற கத்தி வேரை நசுக்கும். வேர் குறைந்ததற்கேற்பக் கிளைகளையும் சற்றுக் குறைப்பது நல்லது. இல்லையேல் இலைகள் கேட்கும் நீரைக் குறைந்த வேர்களால் தர இயலாது. முன்பிருந்த ஆழத்திலேயே நட்டு, நீர் நிற்க விளிம்புக்குக் கீழே ஓர் அங்குலம் விட வேண்டும்.

அடுத்த பத்து நாட்கள்தான் வளர்ப்பவருக்குக் கடினமானவை. நிழலில் இருக்கும் செடி சில இலைகளை உதிர்க்கும். குற்றவுணர்வு கொண்டவர் உரத்தை அள்ளிப் போடுகிறார். மேலும் மேலும் நீர் ஊற்றுகிறார். வேர் பிடித்ததா என்று இழுத்தும் பார்க்கிறார். காயம் ஆறாத வேரை உரம் கருக்கும். இழுத்தால் புதிதாக அரும்பிய மெல்லிய வேர்கள் அறும். மண்ணின் மேற்பரப்பு காய்ந்தபின் அளவாக நீரூற்றுவதைத் தவிர அந்நாட்களில் செய்ய வேண்டியது எதுவுமில்லை. வெட்டிய இடத்துக்குச் சற்றுப் பின்னால் மண்ணுக்குள் புதுவேர்கள் கிளைத்துக்கொண்டிருக்கும். முதல் தளிர் வெளிவந்த பிறகே தொட்டியை மெல்ல வெயிலுக்கு நகர்த்தலாம்.

பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்வோர் செடியைப் பால்கனியிலேயே விட்டுச் செல்வதும் உண்டு. வழியை அடைத்தவர் போய்விட்டாலும் தொட்டியின் சுவர் போய்விடுவதில்லை. கொண்டுசெல்ல இயலாதபோது, முற்றமுள்ள ஒருவரிடமோ அண்டை வீட்டாரிடமோ அதை ஒப்படைத்து, வேரைக் கடைசியாகச் சீர்செய்த மாதத்தையும் சொல்லிவிட்டுப் புறப்படுவோர் உள்ளனர்.