பொய்யும் பிழையும்

147573952589676412927. இந்த 21 இலக்க எண்ணை ஒரே மூச்சில் படிப்பது கடினம். ஆயினும் அதன் பிறப்பு எளிது. 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும். இந்த எண்ணின் வரலாற்றில் நாம் சிந்திக்க வேண்டிய ஓர் அறநெறிக் கேள்வி அடங்கியுள்ளது.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். மேற்சொன்ன முறையில் மூன்று இரண்டுகளைக் கொண்டு கணக்கிட்டால் 7 வரும், ஐந்தானால் 31, ஏழானால் 127. இவை மூன்றும் பகா எண்களே. ஆனால் பதினொன்றானால் வருவது 2047. அதுவோ 23, 89 ஆகியவற்றின் பெருக்கல். அப்படியானால் 67?

பிரான்சு நாட்டின் மினிம் சபைத் துறவி மரேன் மெர்சேன், 257 வரை எந்தெந்த எண்ணிக்கைகள் பகா எண்களைத் தரும் என்று 1644-ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். 67-ம் அதில் இடம்பெற்றது. தெக்கார்த், பெர்மா போன்ற அறிஞர்களோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த அவர் கூற்றை இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக எவராலும் மறுக்க இயலவில்லை. 1876-இல் லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இது பகா எண் அன்று என நிறுவினார். ஆனால் அதன் காரணிகள் எவை என்பது அப்போதும் மறைவாகவே இருந்தது.

1903-இல் நியூயார்க்கில் நடந்த கணித அறிஞர் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் எழுந்தார். ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் அந்த எண்ணைக் கணக்கிட்டாராம். அருகில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினாராம். இரு விடைகளும் ஒன்றே! கரவொலி எழ, அவர் மௌனமாக அமர்ந்தாராம். இதைக் கண்டறிய எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னர் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். ஞாயிறு ஓய்வைப் பேணும் நமக்கு அது சற்று நெருடினாலும், அந்தப் பொறுமையைப் போற்றாமல் இருக்க முடியாது.

மெர்சேன் பொய் சொன்னாரா? இல்லை. உள்ளத்தில் ஒன்றை வைத்து வாயால் வேறொன்றைச் சொல்பவனே பொய்யன் என்றும், உண்மையென நம்பிப் பிழையாகச் சொல்பவன் பொய்யன் அல்லன் என்றும் புனித அகுஸ்தினார் வேறுபடுத்துகிறார். ஆனால் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. அறியாததை அறிந்ததாக எண்ணிக்கொள்பவன் பொய்யன் அல்லன் ஆயினும், குற்றமற்றவனாக இருக்கவேண்டும் என்பதில்லை என்கிறார். நல்லெண்ணம் பொய்யினின்று நம்மைக் காக்கும், அவசரத்தினின்று காக்காது.

மெர்சேனின் சொல்லால் அந்த எண்ணுக்கு ஊறு நேரவில்லை. நம்பியவர் எத்தனை பேராயினும் அது பகா எண் ஆகிவிடவும் இல்லை. அதன் காரணிகள் கண்டறிவாருக்காகக் காத்திருந்தன. மனிதர் அவ்வாறு காத்திருக்க இயலுமா? ஒருவர் 'செய்தாராம்' என்று கேட்டதை, அடுத்தவரிடம் 'செய்தார்' என்று சொல்லிவிடுவது எத்துணை எளிது! இடையில் விழுந்துபோனது 'ஆம்' என்னும் ஒரு சிறு விகுதிதான். ஆனால் அதனோடு ஒரு பெண்ணின் திருமணமோ, ஒரு தொழிலாளியின் நற்பெயரோ விழுந்துவிடக்கூடும். அவர்கள் குற்றமற்றவர்கள் எனப் பின்னர் தெளிவாகும்போது அவர்கள் வாழ்வே கடந்துபோயிருக்கலாம்.

உயிரற்ற ஓர் எண்ணின் உண்மையை அறிய ஒருவர் மூன்று ஆண்டுகளின் ஓய்வுநாள்களைச் செலவிட்டாராம். அயலாரின் பெயரை நாவில் எடுக்குமுன் நாம் ஒரு நாளேனும் பொறுத்திருக்கலாகாதா?