குழியைத் திறந்தவன் யார்?



கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். புது வீடு. அறைகளுக்கெல்லாம் தீர்த்தம் தெளித்தபின், வீட்டுக்காரர் என்னைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துச் சென்று கிணற்றையும் மந்திரிக்கச் சொன்னார். மந்திரித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். "சுவாமி, யோசியாமல் குடியுங்கோ. இது கிணத்துத் தண்ணி இல்லை, கடையில வாங்கின போத்தல் தண்ணி" என்றார்.

அந்தத் தேநீர் எனக்கு எளிதில் உள்ளே இறங்கவில்லை. சற்று முன் ஆண்டவருடைய நாமத்தினால் ஆசீர்வதித்த தண்ணீரை அந்த வீட்டில் எவரும் குடிப்பதில்லை. ஏன் என்று கேட்டேன். "உரம் இறங்கிப் போச்சுதெண்டு சொல்லுறாங்கள் சுவாமி" என்றார் வீட்டுக்காரர். அவரும் வெங்காயம் செய்கிறவர்தான்.

அன்று இரவு யாத்திராகமத்தை எடுத்து 21ஆம் அதிகாரத்தைப் பார்த்தேன். பத்துக் கற்பனைகளை அடுத்து வரும் அந்த அதிகாரங்களை நம்மில் பலர் வாசிப்பதில்லை. மாடு முட்டிய வழக்கும் அடிமைச் சட்டமும் நமக்கு எதற்கு என்று தாண்டிப் போகிறோம். அங்கே 33ஆம், 34ஆம் வசனங்களில் ஒரு சிறு சட்டம் இருக்கிறது. ஒருவன் ஒரு குழியைத் திறந்தாலோ, புதிதாகத் தோண்டினாலோ, அதை மூடாமல் விட்டு அதில் அயலானுடைய மாடோ கழுதையோ விழுந்து செத்தால், குழிக்குரியவன் நட்டஈடு கொடுக்கவேண்டும். அவ்வளவுதான். அவன் வேண்டுமென்று செய்தானா, அசட்டையாக விட்டானா என்று சட்டம் விசாரிப்பதில்லை. தோண்டியவன் மட்டுமல்ல, முன்பே மூடிக்கிடந்த பழைய குழியைத் திறந்தவனும் பொறுப்பாளி. வேலை முடிந்துவிட்டது, நான் ஊரை விட்டுப் போய்விட்டேன் என்ற சாட்டுக்கும் அங்கே இடம் வைக்கப்படவில்லை.

ஆட்டிடையர்களின் காலத்துச் சட்டம்தானே என்று நினைக்கவேண்டாம். அன்றைய குழியில் விழுந்த மாட்டைக் கண்ணால் காணலாம். இன்றைய குழிகளில் விழுவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பூமிக்குள்ளிருந்து செம்பையும் ஈயத்தையும் பொன்னையும் எடுக்கும் சுரங்கங்களை எண்ணிப் பாருங்கள். மலைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் காற்றுப் படாமல் கிடந்த கல்லை உடைத்து வெளியே கொட்டுகிறார்கள். அந்தக் கல்லில் கந்தகம் கலந்திருந்தால், மழையும் காற்றும் பட்டதும் அது புளித்து அமிலமாகிறது. அந்த அமிலம் மிச்சமிருக்கும் உலோகங்களைக் கரைத்து ஓடைக்கும் கிணற்றுக்கும் வயலுக்கும் கொண்டுபோகிறது. சுரங்கத்தை மூடி, பொறிகளைக் கழற்றி, முதலாளி கப்பலேறிய பின்பும் அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். இலை உக்கும், செத்த ஆடு உக்கும், ஈயம் உக்காது.

நம்முடைய வேதசாட்சிகளின் சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. தியோக்கிளேசியன் தொடங்கிய வேதகலாபனையின் காலத்தில், எகிப்திலும் பலஸ்தீனாவிலும் பிடிபட்ட விசுவாசிகள் பலர் பாயினோ என்ற செப்புச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இன்று அது ஜோர்தான் நாட்டில் வாதி பைனான் என்ற வறண்ட பள்ளத்தாக்கு. ஒரு கண்ணைப் பிடுங்கி, ஒரு காலின் நரம்பைச் சுட்டு, தப்பி ஓடாதபடி முடமாக்கி அவர்களை வேலைக்கு அனுப்பினார்கள் என்று அக்காலத்தில் வாழ்ந்த ஆயர் எவுசேபியு எழுதிவைத்திருக்கிறார். கி.பி. 310இல், காசா நகர ஆயர் புனித சில்வானுவும் அவரோடு 39 பேரும் அங்கே தலை வெட்டுண்டு மரித்தார்கள். அவர்களில் யோவான் என்ற எகிப்தியர் இரு கண்ணும் தெரியாதவர். வேதாகமத்தின் முழு நூல்களையே மனப்பாடமாக வைத்திருந்தார். சபை நடுவில் அவர் நின்று சொல்லும்போது எவரோ புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறார் என்றே எண்ணினேன் என்கிறார் எவுசேபியு. கிட்டப் போன பின்தான் குருடர் என்று தெரிந்ததாம்.

அந்தப் பள்ளத்தாக்கில் உருக்கிய செம்பின் கரிய கசடு இன்னும் குவியல் குவியலாகக் கிடக்கிறது. 1990களிலிருந்து ஆய்வாளர்கள் அங்குள்ள மண்ணையும் செடிகளையும் மேயும் ஆடுகளையும் சோதித்தபோது, அவற்றில் செம்பும் ஈயமும் மிகுந்திருக்கக் கண்டார்கள். உரோமைச் சாம்ராச்சியம் அழிந்து போயிற்று. அதன் குழி இன்னும் மூடப்படவில்லை.

வெகுதூரத்துக் கதை என்பீர்கள். கோலார் தங்க வயலுக்கு வாருங்கள். 1880ஆம் ஆண்டளவில் ஆங்கிலக் கம்பெனி ஒன்று தொடங்கி, பின்னர் இந்திய அரசு நடத்திய அந்தச் சுரங்கத்தில், மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஆழத்தில் இறங்கிக் கல் உடைத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் ஏழைகள். அவர்கள் கட்டிய கத்தோலிக்கக் கோவில்கள் அங்கே இருக்கின்றன. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். மாவாக அரைத்த கல்லைச் சயனைட்டில் ஊறவைத்துப் பொன்னைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய சேற்றுமண் 13 மேடுகளாக ஊர் நடுவே நிற்கிறது. கோடைக் காற்றில் அந்தத் தூள் வீடுகளுக்குள் பறக்கிறது. பொன் யார் கழுத்துக்குப் போயிற்றோ தெரியாது. மூச்சுத்திணறல் தோண்டியவனுடைய பேரப்பிள்ளைக்கு வந்திருக்கிறது.

இனி நம் கரைக்கு வருவோம். புத்தளத்தில் செப்புச் சுரங்கமோ பொன் சுரங்கமோ இல்லை. ஆனால் குழி உண்டு. வண்ணாத்திவில்லுக்கு அப்பால் அருவக்காட்டில் 1970களிலிருந்து சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். அதற்கென்றே போட்ட ரயில் பாதையில் கல் புத்தளம் ஆலைக்கு வரும். சுண்ணாம்புக்கல் விஷமல்ல. அதைக் கொண்டு கட்டிய வீடுகளில்தான் நாமும் இருக்கிறோம். அதை மறந்து பேசுவது நேர்மையல்ல. ஆனால் வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளங்கள் வாய் பிளந்து கிடந்தன. பிளந்த வாயைக் கண்டால் எவருக்கும் எதையாவது போடத் தோன்றும்.

2017 ஏப்ரல் 14ஆம் தேதி, புத்தாண்டு நாளிலே, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடி 32 உயிர்களைக் கொண்டுபோனது. அந்த ஆத்துமங்களுக்காக நாம் மன்றாடினோம். கொழும்புக் குப்பைக்கு இடம் தேடியவர்கள் கண்ணுக்கு அருவக்காட்டுப் பள்ளம் பட்டது. நாளொன்றுக்கு 1,200 தொன் குப்பையை ஏறக்குறைய 170 கிலோமீற்றர் ரயிலில் கொண்டுவந்து அங்கே புதைப்பது திட்டம். அடியில் விரிப்புப் போடுவோம், கசியும் நீரைச் சுத்தி செய்வோம் என்றார்கள். சுண்ணாம்புப் பாறை வெடிப்பும் துளையும் நிறைந்தது. அதனடியில் நிலத்தடி நீர் உண்டு. பக்கத்தில் களப்பு, சேராக்குளி மீனவரின் வலை, அதற்கப்பால் வில்பத்துக் காடு. குப்பையோடு வரும் பற்றறியிலும் மின்சாதனங்களிலும் ஈயமும் கட்மியமும் உண்டு. விரிப்பு எத்தனை ஆண்டு தாங்கும், ஈயம் எத்தனை ஆண்டு இருக்கும் என்று புத்தளம் மக்கள் கேட்டார்கள். 2018இலும் 2019இலும் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அப்படியிருந்தும் 2019 ஆகஸ்டில் குப்பை லொறிகள் வந்தன.

பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் 51ஆம் பத்தியில் இதைத்தான் பேசுகிறார். பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குப் பட்டிருக்கும் கடன் ஒன்று உண்டு, பொன்னும் செம்பும் எடுத்த இடத்தில் நஞ்சை விட்டுப் போவது அந்தக் கடனில் சேரும் என்பது அவர் கருத்து. நாடுகளுக்கிடையே உள்ளது ஒரு நாட்டுக்குள்ளும் உண்டு என்று நான் சேர்த்துச் சொல்வேன். கொழும்பு கட்ட நம் கரையின் கல் போயிற்று. அந்த வெறும் பள்ளத்துக்குக் கொழும்பின் குப்பை வந்தது.

இதுவரை வாசித்த பலர் தலையசைத்திருப்பீர்கள். பிறருடைய குழியைப் பற்றிப் பேசுவது இனிமையானது. நம்முடைய இறால் தொட்டிகள்? 1980களிலும் 1990களிலும் முந்தல், உடப்புப் பக்கமெல்லாம் கண்டல் மரங்களை வெட்டித் தொட்டி தோண்டினோமே. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து இறால் செத்ததும் எத்தனை தொட்டிகளை அப்படியே விட்டோம்! உப்பேறிய அந்த நிலத்தில் நெல்லும் விளையாது, கண்டலும் தானாக வராது.

நம்முடைய கிணறுகள்? கற்பிட்டி மணலின் அடியில் நல்ல நீர் உப்புநீரின்மேல் மிதப்பதுபோல் நிற்கிறது. மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளிப் போடும் யூரியாவில் பயிர் எடுத்ததுபோக மிஞ்சியது, நாம் பாய்ச்சும் தண்ணீரோடேயே நைத்திரேற்றாகக் கீழே இறங்கி, அதே கிணற்றுக்கு வந்து சேருகிறது. இது 1980களிலிருந்தே ஆய்வுகளில் சொல்லப்பட்டு வருகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கும் நீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால், அதன் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கமாட்டாமல் உடல் நீலம் பாரிக்கக்கூடும். தாய்மார்களே, கவனியுங்கள்: கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவருமுன், கிணற்று நீரைச் சோதிக்கும் வழியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு மனஸ்தாபமும் பாவத்தைச் சொல்வதும் போதாது, உத்தரிப்பும் வேண்டும் என்று சின்னக் குறிப்பிடத்திலேயே படித்தோம். திருடியவன் திருடியதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சக்கேயு நாலு மடங்கு கொடுத்தான். ஆனால் இருபது ஆண்டுக் குருத்துவத்தில், 'சுவாமி, நான் அயலானுடைய கிணற்றைக் கெடுத்தேன்' என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

அந்த வெங்காயக்காரரிடம் சில மாதங்களின் பின் மறுபடி போனேன். யாத்திராகமச் சட்டத்தை அவருக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உரத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கிறேன், விளைச்சல் விழுந்தால் கடனை யார் கட்டுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், கொல்லைக் குழியிலிருந்து பொறுக்கிய கிருமிநாசினிப் போத்தல்களையும் பழைய பற்றறிகளையும் இரண்டு அரிசிச் சாக்கில் கட்டிக் கோவில் வாசலில் கொண்டுவந்து வைத்தார். "குழியைத் துப்புரவாக்கிப் போட்டன். இதுகளை எங்க குடுக்கிறது சுவாமி?" என்றார்.

விசாரித்துப் பார்த்தேன். எங்கு கொடுத்தாலும் கடைசியில் அவை இன்னொரு குழிக்கே போகும் போலிருந்தது. சாக்குகள் இரண்டும் பங்கு மண்டபத்தின் பின்னறையில் இருக்கின்றன. வழி தெரிந்த வாசகர்கள் இந்த முகவரிக்கு எழுதுங்கள்.