அறுநூற்றைம்பது உருப்படி

பிள்ளையின் படிப்புக்கு ஐம்பதாயிரம் புரட்டச் சொன்னால் எங்கள் பக்கத்து வீடுகள் மிரளுவதில்லை. சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போகும், சீட்டைத் தள்ளி எடுப்பார்கள், மச்சானிடம் வாய்விட்டுக் கேட்பார்கள். அதற்கெல்லாம் பழகிய வழி இருக்கிறது, யாருக்கும் வெட்கமும் இல்லை. ஆளைச் சாய்ப்பது அதற்குப் பின்னால் வரும் ஆறாயிரமும் ஏழாயிரமும்தான். கல்லூரி கவுண்டரில், பின்னால் வரிசை நெருக்கும்போது, பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது கேட்கிற தொகை அது.

எங்கள் தெருமுனையில் தேய்ப்பு வண்டி போட்டிருக்கும் அண்ணன் சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் நின்றார். கலந்தாய்வில் அவர் மகளுக்கு ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விண்ணப்பம் நிரப்ப, சான்றிதழ் ஏற்ற என்று அந்த வீட்டுக்கு நான்தான் ஆள். சேர்க்கை நாளன்றும் கூடப் போனேன். கணக்கைச் சரியாகவே போட்டு வைத்திருந்தோம். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவாக இருந்தால் 55,000 என்று 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்த தொகை. வீட்டின் முதல் பட்டதாரி என்ற சான்றிதழ் இருந்ததால் அதில் 25,000 குறையும். மீதிக்கு அண்ணியின் சங்கிலி.

கவுண்டரில் கொடுத்த தாளில், கல்விக் கட்டணத்துக்குக் கீழே வேறு வரிகளும் இருந்தன. சீருடை, அடையாள அட்டை, காப்புத்தொகை. கடைசியில், 'ஓரியன்டேஷன் மற்றும் பிரிட்ஜ் கோர்ஸ் - 6,500'. அதற்கு எதிரே யாரோ சிவப்பு மையில் 'கட்டாயம்' என்று எழுதிக் கோடும் போட்டிருந்தார்கள். அண்ணன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "அறுநூத்தம்பது உருப்படி சார்" என்றார். ஒரு சட்டைக்குப் பத்து ரூபாய் வாங்குகிறவருக்குக் கணக்கு அப்படித்தான் ஓடும்.

இந்த அறிமுக வகுப்புகள் அந்தக் கல்லூரி தானாகக் கண்டுபிடித்தவை அல்ல. முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு மூன்று வாரப் புகுமுகப் பயிற்சி வேண்டும் என்று தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்வை செய்யும் ஏஐசிடிஇ 2017இல் சொன்னது. விளையாட்டு, ஓவியம், இசை, விழுமியங்கள் பற்றிய பேச்சு, பக்கத்து ஊர்களைப் பார்த்து வருதல், துறை அறிமுகம் என்று அதற்கு ஒரு வரைவும் உண்டு. நோக்கத்தில் எனக்குச் சண்டையே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் கணக்குப் போட்ட பெண் முதல் வாரமே ஆங்கிலத்தில் மிரண்டு போகாமல் இருக்க இப்படி ஏதாவது வேண்டும்தான். (தலைமை விருந்தினரும் பொன்னாடையும் கல்லூரிப் பெயர் அச்சிட்ட பையும் எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.) என்னை உறுத்துவது வேறு. அப்பாவோ அண்ணனோ எஞ்சினியராக இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பயிற்சி அவ்வளவு அவசியமில்லை, அந்த வீட்டுக்கு 6,500 பெரிய காசும் இல்லை. யாருக்காக இந்த ஏற்பாடோ அவர்களைத்தான் இந்தத் தொகை கடிக்கிறது.

கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டு, உட்கார வைத்துவிட்டு, இலைக்குக் காசு கேட்பது போன்றது இது. நாமும் மொய் எழுதுகிறவர்கள்தான். ஆனால் சாப்பிட்ட பிறகு, அவரவர் சக்திக்குப் பார்த்து எழுதுவது மொய். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்தே தனியாக வைப்பார்கள். கறிச்சோறு போட்டு, வந்த பணத்தை நோட்டில் எழுதிவைத்து, பிறகு அவரவர் விருந்தில் திருப்பிச் செய்வார்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக வைப்பவர்களும் உண்டு. அண்ணனுக்கு அப்படி ஒரு நோட்டு இல்லை. மகளிர் குழுக் கடன் ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. பிற்பாடு அதைத்தான் வாங்கினார்கள். கடன் எதற்கு என்ற கட்டத்தில் 'கறவை மாடு' என்று எழுதினார்கள். ஆட்டைக் கட்டக்கூட இடமில்லாத தெரு எங்களுடையது.

சட்டம் இல்லாமல் இல்லை. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் அது நன்கொடைதான் என்று சொல்லி அதைத் தடை செய்கிற தமிழ்நாட்டுச் சட்டம் 1992இலிருந்து இருக்கிறது. ஆனால் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டரில் நிற்பது எவ்வளவு கடினம் என்பது நின்றவருக்குத்தான் தெரியும். கறிவேப்பிலைக்குப் பேரம் பேசுகிற மனிதர், பேருந்தில் இரண்டு ரூபாய்ச் சில்லறைக்குக் கடைசி நிறுத்தம் வரை நடத்துநரை விடாதவர், அங்கே வாயே திறக்கவில்லை. நாளைக்குப் பிள்ளையின் இன்டர்னல் மார்க்கில் கை வைத்துவிடுவார்களோ என்ற பயம் பாதி. மகள் சட்டை நுனியைப் பிடித்து, "விடுப்பா, கட்டிடலாம்" என்று முணுமுணுத்தது மீதி.

நான் கேட்டேன். சண்டையாக இல்லை. இதற்குக் கல்லூரி பெயரில் ரசீது கிடைக்குமா, இரண்டு தவணையாகக் கட்டலாமா, இந்த இரண்டும்தான். ரசீதில் நான் குறியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. நான்கு லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் கைமுதல் கேட்பதில்லை. கல்விக் கட்டணம் மட்டுமல்லாமல் புத்தகம், சீருடை, ஒரு வரம்புக்குள் காப்புத்தொகை எல்லாம் அதில் அடங்கும். ஆனால் கல்லூரி தாளில் எழுதித் தந்தால்தான். வெள்ளைச் சீட்டில் வாங்கிய பணத்தை எந்த மேலாளரும் ஏற்கமாட்டார். கவுண்டரில் இருந்த பையன் கெட்டவன் இல்லை. உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, "ரெண்டு தவணையா கட்டுங்க சார், ரசீது தர்றோம்" என்றான். பின்னால் நின்ற ஒருவர் உடனே, "எங்களுக்கும் அப்படிப் போடுங்க" என்றார். வரிசையில் அதுவரை ஒருவரும் பேசவில்லை.

திரும்பி வரும்போது அந்தப் பெண் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தாளை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். கேட்டது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அவள் எதிரில் கேட்டிருக்க வேண்டுமா என்பதில்தான் எனக்குத் தெளிவில்லை. மற்ற பிள்ளைகள் பார்க்க, புதுச் சுடிதாரில், 'தவணை கேட்ட வீடு' என்று நிற்பது பதினேழு வயதில் சின்ன விஷயமா? கௌரவத்துக்காகக் கட்டிவிடுகிறவர்களைப் பார்த்து நான் முன்பெல்லாம் எரிச்சல்படுவேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. அவர்கள் வாங்குவது பிரிட்ஜ் கோர்ஸை அல்ல. பிள்ளை தலைநிமிர்ந்து உள்ளே போகும் அந்த ஒரு நிமிடத்தை. விலைதான் அநியாயம்.

அண்ணன் தனக்கென்று ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "அடுத்த வருசம் பீஸ் கட்ட நாம ரெண்டு பேரும் மட்டும் போவோம் சார். பாப்பா பக்கத்துல இருந்தா எனக்கு வாய் வரமாட்டேங்குது."

அப்படியே போனோம். இரண்டாம் ஆண்டுத் தாளில் 'பிளேஸ்மென்ட் டிரெய்னிங் - 4,000' இருந்தது. இந்த முறை அவரே குனிந்து கேட்டார், "இது கட்டாயமா சார், விருப்பமா?" விருப்பம்தான், வேண்டாமென்றால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அண்ணன் வரிசையை விட்டு நகர்ந்து மகளுக்குப் போன் போட்டார். அவள் வேண்டும் என்றாள். கட்டினார். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீ சாப்பிடலாமா என்றார்.