தூரிகையும் நம்பிக்கையும்

இறைவனின் திருவுருவைத் தீட்டுகின்றவன் இறைநம்பிக்கை உடையவனாய் இருத்தல் வேண்டுமா? கைத்திறன் ஒன்றே போதாதா? இவ்வினா ஓவியர்க்கு மட்டும் உரியதன்று. நல்லொழுக்கம் கற்பிக்கும் ஆசிரியர் அனைவர்க்கும் உரியதாகும். கிறித்துவ சமயக் கலைஞரை உருவாக்க முயன்ற வரலாறு இதனை ஆராயத் துணைசெய்கின்றது.

1551ஆம் ஆண்டில் மாஸ்கோவில் கூடிய சமயப் பேரவை, திருவுருவ ஓவியர் பணிவும் தூய வாழ்வும் உடையவராய் இருத்தல் வேண்டும் என விதித்தது. அத்துடன் நில்லாது, திறமையற்றவர் வேறு தொழிலை நாடவேண்டும் என்றும் கூறியது. தாம் கற்ற நுட்பத்தை மாணவர்க்கு ஒளிக்கும் ஆசானையும் அது கண்டித்தது. ஒழுக்கம், திறமை இரண்டனுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதே அதன் கருத்து.

பிரான்சு நாட்டில் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. உயிரற்ற மலிவான சாந்துச் சிலைகள் தேவாலயங்களில் மலிந்திருந்த காலம் அது. அக்குறையைப் போக்க 1919ஆம் ஆண்டில் மோரிஸ் தெனி, ஜார்ஜ் தெவாலியேர் என்னும் ஓவியர் இருவர் பாரிசில் சமயக் கலைப் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவினர். முதல் உலகப் போரில் மகனை இழந்தவர் தெவாலியேர். இருவருமே ஆழ்ந்த நம்பிக்கையாளர். தொழிலும் வழிபாடும் அங்கு இணைந்தே பயிலப்பட்டன.

ஆனால், அக்கூடத்தில் பயின்று பின்னர்த் துறவியான மரி அலேன் கூத்தூரியே என்பவரே மாறான முடிவுக்கு வந்தார். திறமையற்ற பக்தரினும் நம்பிக்கையற்ற பெருங்கலைஞரே மேல் என அவர் கருதினார். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில், காசநோய் மருத்துவமனைகள் நிறைந்த அஸ்ஸி என்னும் ஊரில், 1950இல் திருநிலைப்படுத்தப்பெற்ற தேவாலயத்தில் பொதுவுடைமையரான லெஜேயும் யூதரான ஷகாலும் பணியாற்றினர். ஜெர்மேன் ரிஷியே வடித்த சிலுவையில் கிறிஸ்துவின் உடல் முகம் புலப்படாது நலிந்து காணப்பட்டது. எதிர்ப்பெழவே, 1951இல் அஃது அகற்றப்பட்டது. பல்லாண்டுகள் கழித்தே மீண்டும் பீடத்தை அடைந்தது.

அப்படியானால் ஆசான் தோற்றானா, மாணவன் வென்றானா? இருவரும் பகைத்தது ஒன்றையே என்பது என் துணிபு. அது போலிமை. நம்பாததை நம்பியதாகக் காட்டும் ஓவியமும், உணராத துயரை உணர்ந்ததாகக் காட்டும் சிலையும் பொய்யே. நம்பிக்கையற்ற கலைஞனும் மாந்தரின் துன்பத்தை உண்மையாய் உணர்ந்து வடித்தால், அதன்முன் நோயாளி ஒருவன் மண்டியிடக் கூடும்.

இங்கே என் பிழையையும் ஒப்புக்கொள்ளல் முறை. கட்டுரைப் பாடத்தில் நல்லுரைகளை அழகுற அடுக்கிய மாணவர்க்குப் பல்லாண்டுகள் நிறைந்த மதிப்பெண் வழங்கியவன் யான். தான் பொய் சொன்ன நாளைத் தடுமாறும் நடையில் எழுதிய சிறுவனுக்குக் குறைத்தே வழங்கினேன். ஆசிரியர் விரும்புவதை எழுதினால் போதும் என்னும் பாடத்தை அன்று யானே கற்பித்தேன் அல்லனோ?

நம்பிக்கையைப் பாடத்திட்டத்தில் சேர்த்தல் இயலாது. அதனைக் கட்டாயமாக்கினால் நடிப்பே விளையும். பயிற்சியளிப்பவன் தரத்தக்கவை வேறு உள. நுட்பத்தை ஒளியாது தரலாம். வரையும் பொருளின் வரலாற்றையும் அதன்முன் வணங்குவோரின் உள்ளத்தையும் அறியச் செய்யலாம். உணராததை வரையாதே எனத் தடுக்கவும் செய்யலாம். எஞ்சியது மாணவனுக்கும் அவன் உள்ளத்திற்கும் இடைப்பட்டது. அதற்காகக் காத்திருக்கும் பொறுமையே ஆசிரியனின் நம்பிக்கையாகும்.