கண்கூடான பரிகாரம்

ஈசுவரகிருஷ்ணர் இயற்றிய தத்துவ நூலான சாங்கிய காரிகை துக்கம் என்ற சொல்லோடு தொடங்குகிறது. மூவகைத் துக்கங்களும் தாக்குவதால் அவற்றை ஒழிக்கும் உபாயத்தைப் பற்றிய ஜிக்ஞாசை, அதாவது அறியும் வேட்கை, மனிதனுக்கு உண்டாகிறது என்று கூறிய ஆசிரியர், அடுத்த அடியிலேயே ஓர் ஆட்சேபத்தையும் எழுப்பிக்கொள்கிறார்: நோய்க்கு மருந்தும் மனக்கவலைக்கு இனிய பொருள்களும் கண்கூடாகக் கிடைக்கும்போது தத்துவ விசாரம் எதற்கு? கண்கூடான பரிகாரம் நிச்சயமாகப் பலிப்பதில்லை, பலித்தாலும் நிலைப்பதில்லை என்பதே அவர் தரும் சமாதானம். நிச்சயமாகிய ஐகாந்திகம், நிலைபேறாகிய ஆத்யந்திகம் என்ற இவ்விரு அளவுகோல்களையும், வீட்டில் பழுதாகிக் கிடக்கும் ஒரு விளையாட்டுக் கருவியின்மேல் வைத்துப் பார்த்தாலும் அவற்றின் கூர்மை குறைவதில்லை என்பது என் துணிபு.

2005 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் வீடியோ விளையாட்டுக் கருவியின் முகப்பில், பொத்தானைச் சுற்றி நான்கு விளக்குகள் வட்டமாக அமைந்திருந்தன. நான்கும் சிவந்தால், தொலைக்காட்சிக்குப் படத்தைக் கொண்டுசெல்லும் கேபிள் சரியாகச் செருகப்படவில்லை என்று பொருள். இரண்டு சிவந்தால் உள்ளே சூடு மிகுந்துவிட்டது. மூன்று சிவந்து மின்னினால் ஏதோ ஓர் உறுப்பே பழுதாகிவிட்டது. இந்த மூன்று விளக்குகள் எத்தனையோ இல்லங்களில் எரியத் தொடங்கவே, 2007 ஜூலையில் அதைத் தயாரித்த மைக்ரோசாப்ட் நிறுவனம் அப்பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, அதன் பொருட்டு நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை ஒதுக்க நேர்ந்தது.

நிறுவனத்துக்கு அனுப்பிக் காத்திருக்கப் பொறுமையில்லாத பலர் வீட்டிலேயே கையாண்ட வைத்தியம் ஒன்று உண்டு. கருவியைக் கனத்த துவாலையால் சுற்றி, காற்றுத் துளைகளை எல்லாம் அடைத்து, சிறிது நேரம் ஓடவிடுவார்கள். தீப்பிடிக்கும் அபாயம் உடைய இக்காரியத்தை ஒருவரும் செய்யலாகாது. ஆனால், சூட்டினால் கெட்ட கருவி மேலும் சூடேற்றப்பட்டதும் உயிர்பெற்று, இருண்டிருந்த திரையில் படம் தோன்றியது பல வீடுகளில் நடந்த உண்மை. சில நாட்களிலோ வாரங்களிலோ அது மீண்டும் அணைந்தது. சிப்பைப் பலகையோடு இணைக்கும் ஈயம் கலவாத பற்றாசு வெடித்திருந்து, சூட்டில் இளகி ஒட்டிக்கொள்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. கருவியை உருவாக்கியவர்களோ, சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்ததால் உறுப்புகளின் உள்ளேயே இருந்த இணைப்புகள் முறிந்தன என்று 2021-இல் வெளியான ஓர் ஆவணப்படத்தில் விளக்கினார்கள். ஆக, பலித்த வைத்தியம், அதைச் செய்தவர்களுக்கு நோயின் மூலத்தை அறிவித்துவிடவில்லை.

அந்த நிவாரணம் அற்ப காலத்தது என்பதற்காக நான் அதைக் குறை கூறவில்லை. மனிதன் செய்யும் செப்பங்கள் யாவும் காலத்துக்கு உட்பட்டவையே. துக்கத்தினால் விளையும் நன்மை ஒன்று உண்டென்றால், அது விசாரத்தைப் பிறப்பிக்கிறது என்பதுதான். அந்த விசாரம் பிறக்கும் முன்பே துக்கத்தை மட்டும் ஓயச்செய்யும் பரிகாரம், நமக்குக் கிடைக்கவிருந்த அந்த ஒரே லாபத்தையும் பறித்துவிடுகிறது. அதோடு, எந்தச் சூடு நோய்க்குக் காரணமோ அதையே மற்றொரு முறை ஊட்டியும் விடுகிறது. ஆசையின் வேதனையை நுகர்ச்சியால் தணித்துக்கொள்பவன் அடையும் சாந்தியும் இத்தகையதே என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மாறாக, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கருவியைத் திறந்து பார்ப்பவன் என்ன காண்கிறான்? பின்புறத்து விசிறிகளின் இதழ்களில் கம்பளிபோல் அப்பிய தூசி. டிவிடி பெட்டி மேலே அமர்ந்திருப்பதால் உயர வழியில்லாமல் குட்டையாக அமைந்த, கிராபிக்ஸ் சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க். அதைக் கழற்றினால், சிப்பின்மேல் உலர்ந்து பொருக்காய்ப் போன, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட். அந்தப் பொருக்கைச் சுரண்டாமல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் மெல்லத் துடைத்தெடுத்து, புதிய பேஸ்டை மெல்லிய படலமாகத் தடவி, திருகுகளை ஒரே சீராக முடுக்குவது பொறுமையைக் கேட்கும் வேலை. கண்ணுக்குப் புலப்படாத சூடு எவ்வழியே புறப்பட்டு எங்கே தடைப்பட்டது என்பதை அவன் விரல்கள் ஒவ்வோரிடமாகத் தொட்டு அறிகின்றன. இதுவும் கண்கூடான பரிகாரமே. ஈசுவரகிருஷ்ணர் இதற்கும் தம் இரு அளவுகோல்களைத் தளர்த்தமாட்டார்.

ஆனால், அந்நூலின் இரண்டாம் காரிகையில் அவர் வேதம் விதித்த கர்மங்களைக்கூட இதே வரிசையில் நிறுத்திவிட்டு, அவற்றினும் மேலானதாகக் காட்டுவது வேறொரு கர்மத்தை அன்று, வெளிப்பட்டதாகிய வியக்தம், வெளிப்படாத மூலமாகிய அவ்வியக்தம், அறிபவனாகிய புருஷன் ஆகியவற்றைப் பிரித்தறியும் ஞானத்தையே. கருவியைத் திறந்தவன் பெற்றது அந்த ஞானம் அன்று. அதை மோட்சத்தோடு ஒப்பிடுவது அபசாரமாகும். ஆயினும் பிரித்தறியும் பழக்கம் ஒன்று அவனுக்கு வாய்த்திருக்கிறது. தூசியால் வந்த சூடு எது, பேஸ்ட் உலர்ந்ததால் வந்த சூடு எது என்று அவன் வேறுபடுத்திப் பார்ப்பான். இரண்டையும் நீக்கிய பிறகும் மூன்று விளக்குகள் மின்னினால், முறிவு சிப்புக்குள்ளேயே இருக்கலாம், இனித் துடைத்தும் தடவியும் பயனில்லை என்று வீட்டுப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்வான்.