கற்றல் யாருக்குச் செய்யும் சேவை?

அமெரிக்காவில் ஜனவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை. 1986 முதல் கூட்டாட்சி அரசின் விடுமுறையாக இருக்கும் அந்த நாளை, 1994இல் சட்டமியற்றிச் சேவை நாளாகவும் ஆக்கினார்கள். நிறுவனங்கள் ஊழியர்களைப் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசவும் உணவுப் பொட்டலம் கட்டவும் அனுப்புகின்றன. அதற்குப் பதிலாக, கிங் முன்னின்று நடத்திய குடிமை உரிமைப் போராட்டத்தின் வரலாற்றை அலுவலகத்தில் கூடிப் படித்தால், அந்த நேரத்தையும் சமூக சேவைக் கணக்கில் எழுதலாமா?

எழுதலாம் என்பவர்களுக்கு அந்த வரலாற்றிலேயே வலுவான சான்று உண்டு. தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957இல் ஒரு கடையின் பின்னறையில் இரவுப் பள்ளி தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறாது என்ற நிலையில், கறுப்பின முதியவர்கள் பகல் வேலை முடித்து அங்கே எழுத்துக் கற்றார்கள். குடிமை உரிமைச் செயல்பாட்டாளர் செப்டிமா கிளார்க்கின் துணையோடு உருவான அந்த வகுப்புக்கு ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், அழகுக்கலைத் தொழில் செய்தவர். என்ன கற்க வேண்டும் என்று மாணவர்களையே கேட்டுத்தான் பாடத்தை அமைத்தார். அங்கே கல்வியே தொண்டாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் தொண்டு செய்தவர் கற்பித்தவர். பயன் பெற்றது உரிமை மறுக்கப்பட்டவர். சம்பளத்தோடு அமர்ந்து கேட்கும் ஊழியர் இந்த இரண்டு இடத்திலும் இல்லை. அவர் பெறுகிறார், அவ்வளவே. பெற்றதைக் கொடுத்ததாக எழுதுவது பொய்க்கணக்கு.

அதற்காகப் படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. உண்மையில் அதைச் சேவை என்று ஒதுக்குவதில்தான் பெரிய பிழை இருக்கிறது. கிங் 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரின் லொரெய்ன் விடுதியில் சுடப்பட்டபோது, அவர் அங்கே வந்திருந்தது ஒரு தொழிலாளர் போராட்டத்துக்காக. அந்தப் பிப்ரவரியில் எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் மழைக்குக் குப்பை வண்டிக்குள் ஒதுங்கியபோது அதன் இயந்திரம் அவர்களை நசுக்கிக் கொன்றது. அதைத் தொடர்ந்து துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்ற பதாகையைச் சுமந்து நடந்தார்கள். கூலி, பாதுகாப்பு, சங்கத்துக்கு அங்கீகாரம்: கேட்டவை இவை. ஏப்ரல் 16 அன்று ஒப்பந்தம் ஏற்பட்டது.

இது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நடந்த வரலாறு. அதைப் பணியிடத்தில் படிப்பது பணியின் பகுதியாகவே இருக்க வேண்டும். தீயணைப்புப் பயிற்சியைப் போல, வேலை நேரத்தில், எல்லாருக்கும். எல்லாருக்கும் என்றால், இரவில் அந்தக் கட்டடத்தைத் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அந்த மணிநேரத்துக்குக் கூலி உண்டு. கிங் சுடப்பட்ட அந்த விடுதி 1991 முதல் குடிமை உரிமை அருங்காட்சியகமாக இருக்கிறது. ஊழியர்களை அங்கே அழைத்துச் செல்லும் நிறுவனம், தன் குப்பையை அள்ளுபவருக்குக் காயம் பட்டால் யார் பொறுப்பு என்று தன் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதையும் அந்தப் பயணத்தின் பாடமாக ஊழியர்கள் முன் வைக்கட்டும். சேவைக்கென ஒதுக்கிய நேரம் அப்படியே இருக்கட்டும்; பள்ளிச் சுவர்களுக்கு அது தேவைப்படுகிறது.