நடுவர் காணாத தொடுகை

சாஃப்ட்பால் ஆட்டத்தில், மூன்றாம் பேஸிலிருந்து ஹோம் பிளேட்டை நோக்கி ஓடிவரும் மாணவி ஒருத்தி, புழுதி எழச் சறுக்கிப் பிளேட்டைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னதாக, கேட்சர் தன் கையுறைக்குள் அடங்கிய பந்தால் அவள் தோளைத் தொட்டுவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நடுவர் நின்ற கோணத்திலிருந்து அந்தத் தொடுகை தெரியவில்லை. அவர் இரு கைகளையும் விரித்து, ஓடிவந்தவள் தப்பினாள் என்று தீர்ப்பளிக்கிறார். ரன் கணக்கில் ஏறிவிடுகிறது. மைதானத்தில் அத்தனை பேர் கூடியிருந்தும், நடந்ததை ஐயமற அறிந்தவர்கள் தொட்டவளும் தொடப்பட்டவளுமாகிய இருவரே. தொட்டவள் சொன்னால் அது முறையீடு. தொடப்பட்டவள் சொன்னால்தான் அது சாட்சியம். அந்தச் சாட்சியத்தை அவள் தானாக முன்வந்து அளிக்கக் கடமைப்பட்டவளா என்பதே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட வினா.

திருப்பூர் வட்டாரத்தில் சாஃப்ட்பால் கபடியைப் போலவோ வாலிபாலைப் போலவோ ஊர்தோறும் வேர்விட்ட ஆட்டமன்று. பள்ளி, கல்லூரி மைதானங்களின் எல்லையைத் தாண்டி அது அதிகம் வெளியே வரவில்லை. ஆயினும் இவ்வினா இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் புதியதன்று. கபடியில் பாடிச் செல்பவனின் விரல்நுனி எதிரணியானின் முழங்காலில் பட்டதா இல்லையா என்பது பல சமயங்களில் பட்டவனுக்கு மட்டுமே தெரியும். பட்டவன் தானே கையுயர்த்திக் கோட்டுக்கு வெளியே போய்விடும் வழக்கமும் நம் ஊர்க் களங்களில் உண்டு. அப்படிப் போகிறவனை எவரும் ஏமாளி என்று ஏசுவதில்லை. ஆனால் அதே பையன் மாவட்ட அளவிலான போட்டியில், எதிரே புள்ளிப் பலகையும் பின்னே தன் பள்ளியின் பெயரும் நிற்க ஆடும்போது கையுயர்த்தத் தயங்குகிறான் என்றால், அந்தத் தயக்கம் அவன் சுபாவத்திலிருந்து பிறந்தது என்று முடிவு கட்டிவிடுவது நியாயமாகாது.

அவன் தயக்கத்தின் காரணங்களை அலட்சியம் செய்கிற அறம், வயிறு நிறைந்தவர்களின் அறமாகிவிடும். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அரசுப் பணிகளிலும் 3 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. தந்தை பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்து, தாய் பீஸ் ரேட்டுக்குச் செக்கிங் செய்து, சனிக்கிழமைச் சம்பளத்தில் வாரத்தை ஓட்டுகிற ஒரு குடும்பத்தில், மாநிலப் போட்டிச் சான்றிதழ் என்பது பெட்டியில் வைத்துப் பூட்டும் அலங்காரப் பொருளன்று. அக்குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அது கல்லூரி வாசலைத் திறந்துவிடக்கூடும். அத்தகைய வீட்டுப் பிள்ளையிடம், உன் ஒரு சொல்லால் அணி தோற்றாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல் என்று உபதேசிக்கிறவர், தாம் கேட்பதன் விலை இன்னதென்று அறிந்தே கேட்க வேண்டும்.

மௌனத்துக்குச் சார்பாகச் சொல்லப்படும் வாதங்களில் முதலாவது, தீர்ப்பளிப்பது நடுவரின் தொழில், ஆடுவதே ஆட்டக்காரரின் தொழில் என்பது. கேட்பதற்கு ஒழுங்காகத் தோன்றும் இந்தப் பிரிவினையைத் தையல் மேசைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் அதன் பலவீனம் விளங்கும்: ஓவர்லாக் மிஷினில் தையல் விட்டுப்போனதைத் தன் கண்ணாலேயே கண்ட டெய்லர், கண்டுபிடிப்பது செக்கிங் பெண்ணின் வேலை என்று அந்தப் பீஸைக் கட்டுக்குள் செருகி அனுப்பினால், செக்கிங்கில் அது தப்பிப் போனாலும் பிழை அவருடையதே. பிழையைத் தேட ஒருவரை நியமித்திருப்பது, பிழையை அறிந்தவரின் பொறுப்பை அழித்துவிடாது.

ஆனால் இங்கே ஒரு வரம்பு தேவை. சம்பவத்தைப் பற்றிய ஐயம் வேறு, விதியைப் பற்றிய ஐயம் வேறு. 2023ஆம் ஆண்டு ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் கபடி இறுதியாட்டத்தில், எவரையும் தொடாமல் ஆடுகளத்தின் ஓரப் பட்டையான லாபிக்குள் கால் வைத்துவிட்ட இந்திய ரெய்டரையும் அவரைத் தொடர்ந்து சென்ற ஈரானியத் தற்காப்பாளர்களையும் எந்த விதிப்படி கணக்கிடுவது என்று பெரும் சர்ச்சை எழுந்து, ஆட்டம் நெடுநேரம் நின்றுபோய், முடிவில் இந்தியா 33க்கு 29 என்று வென்றது. அங்கே இரு அணியினரும் தத்தம் பக்கத்துக்காக வாதாடியதில் அதர்மம் எதுவுமில்லை. விதியின் பொருளை நிச்சயிப்பது அதிகாரிகளின் வேலையே. ஓர் ஆட்டக்காரனிடம் நியாயமாகக் கேட்கத்தக்கது சட்ட ஞானமன்று. தன் தோளில் பட்டதா, தன் மட்டையில் உரசியதா, தரையில் குத்திய பந்தையா தான் பிடித்தோம் என்பது போன்ற, அவன் உடம்பே அறிந்த உண்மை மட்டுந்தான்.

அந்த உண்மையிலும் இரு படிகள் உண்டு. தரையில் பட்டு எழும்பிய பந்தைப் பிடித்துவிட்டு, நேராகப் பிடித்தவளைப் போலக் கையுறையை உயர்த்திக் காட்டுகிறவள் நடுவரின் பிழைக்காகக் காத்திருக்கவில்லை. அந்தப் பிழையைத் தானே உண்டாக்குகிறாள். வாய் திறவாவிட்டாலும் அது பொய்தான். அதை எந்த வறுமையும் எந்தச் சான்றிதழும் நியாயப்படுத்த மாட்டா. நடுவர் தாமாகச் செய்த பிழையின் பயனை மௌனமாக ஏற்றுக்கொள்வது அதைவிடச் சிறிய குற்றமே. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பிள்ளைகளைக் கண்டிக்கிற பயிற்சியாளர், பெரிய பொய்யைச் சிறிய மௌனத்தின் அளவுக்குச் சுருக்கிவிடுகிறார் என்பதை உணர்வதில்லை.

இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது. ரன் என்னுடையதன்று, அணியினுடையது. என் மனச்சாட்சியின் நிம்மதிக்காக மற்ற எட்டுப் பேரின் உழைப்பை நான் எப்படித் தானம் செய்வேன் என்று அந்த மாணவி கேட்டால், உடனே விடை சொல்லிவிட முடியாது. ஆனாலும் 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்ட் பந்தயத்தை நினைவுகூர்வது இங்கே பொருத்தமாகும். இங்கிலாந்தின் பாப் டெய்லரை, பந்து மட்டையில் பட்டுக் கேட்ச் ஆயிற்று என்று நடுவர் வெளியேற்ற, பந்து மட்டையில் படவில்லை என்று நிச்சயமாக அறிந்த இந்தியத் தலைவர் ஜி.ஆர். விஸ்வநாத் நடுவரிடம் பேசி அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் இயான் போத்தமும் அதன்பின் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. விஸ்வநாத் தம் சொந்த விக்கெட்டையன்று, அணியின் ஆதாயத்தையே விட்டுக்கொடுத்தார். எனினும் அணிக்கு நியாயமாகச் சேராத ஒன்றை அவர் அணியிடமிருந்து பறித்தார் என்று சொல்ல முடியுமா? நடுவரின் பிழையால் வந்த ரன் எட்டுப் பேரின் உழைப்பால் வந்ததன்று; எதிரே நிற்கும் ஒன்பது பேரின் உழைப்பிலிருந்து அது எடுக்கப்பட்டது. தானம் என்ற சொல்லே அங்கே பொருந்தவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விஸ்வநாத் அணித்தலைவர், முதிர்ந்தவர், தோல்வியின் பழியைத் தாங்கக்கூடிய ஸ்தானத்தில் இருந்தவர். பதினான்கு வயதுச் சிறுமிக்கு அந்த ஸ்தானம் கிடையாது.

சாஃப்ட்பாலிலேயே நிகழ்ந்து உலகெங்கும் பேசப்பட்ட ஒரு சம்பவம் இவ்விடத்தில் சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. 2008 ஏப்ரல் 26ஆம் நாள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள எலன்ஸ்பர்க் என்னும் ஊரில், மத்திய வாஷிங்டன் பல்கலைக்கழகமும் மேற்கு ஓரிகன் பல்கலைக்கழகமும் மோதிய ஆட்டத்தில், சாரா டக்கோல்ஸ்கி என்ற ஓரிகன் மாணவி, இரு தோழியர் பேஸ்களில் நிற்க, தம் கல்லூரி வாழ்வின் முதல் ஹோம் ரன்னை அடித்தார். பந்து வேலியைத் தாண்டிய பரவசத்தில் முதல் பேஸைத் தொடாமல் கடந்துவிட்டவர், அதைத் தொடத் திரும்பியபோது முழங்கால் தசைநார் அறுந்து அங்கேயே விழுந்தார். தம் அணியினர் கைகொடுத்தால் அவர் ஆட்டமிழப்பார். மாற்று ஓட்டக்காரரை நிறுத்தினால் அடி ஒற்றை ஹிட்டாகக் குறைந்துவிடும் என்று நடுவர்கள் சொன்னார்கள். அப்போது எதிரணியின் மல்லோரி ஹோல்ட்மன், நாங்கள் தூக்கிச் செல்லலாமா என்று கேட்டார். விதி அதைத் தடுக்கவில்லை. அவரும் லிஸ் வாலஸும் காயமுற்றவரைக் கைகளில் ஏந்தி, ஒவ்வொரு பேஸிலும் அவர் காலைத் தாழ்த்தித் தொடச் செய்து, ஹோம் பிளேட் வரை கொண்டுசேர்த்தார்கள். மேற்கு ஓரிகன் அணி 4க்கு 2 என்று வென்றது.

ஹோல்ட்மன் செய்தது கடமைக்கும் மேற்பட்ட செயல். அவர் கேளாமல் நின்றிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. நம் வினாவிலுள்ள மாணவியிடம் எதிர்பார்ப்பதோ அவ்வளவு பெரிதன்று. தன்னைத் தொட்டார்கள் என்று ஒப்புக்கொள்வது மட்டுமே. இருந்தும் பெரிய செயல் அங்கே எளிதாகவும், சிறிய செயல் இங்கே கடினமாகவும் ஆகிவிடுவதற்குக் காரணம் உண்டு. ஹோல்ட்மனின் பயிற்சியாளர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய தோழியர் அவரை ஒதுக்கவில்லை. மறுநாள் அவர் தலைகுனிந்து நடக்க நேரவில்லை. நற்செயல் புரிந்தவருக்கு அதற்காகத் தண்டனை கிடைக்கவில்லை என்பது, அந்த நற்செயலைப் போலவே போற்றத்தக்கதாகும்.

நடுவர் காணாத இடத்தில் நேர்மையாக நடப்பது என்பது திருப்பூர் மைதானத்தில் மட்டும் கற்ற பாடமன்று. இவ்வூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் வயலுக்கு உதவாமல் போயிற்று. கீழ்மடை உழவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவைச் சுத்திகரிக்கச் செலவாகும். அந்தச் செலவைச் செய்பவன், செய்யாத பக்கத்துப் பட்டறையோடு விலையில் போட்டியிட இயலாது. ஆகவே தனியொரு சிறு பட்டறைக்காரனுக்கு நேர்மை என்பது நஷ்டத்தின் மறுபெயராகவே இருந்தது. நிலைமை திருந்தத் தொடங்கியது அவனுக்கு உபதேசம் செய்ததனால் அன்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் வழியாகச் செலவு பலர்மீது பகிர்ந்து ஏற்றப்பட்டது. அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக அளித்தது. கழிவுநீரைத் துளியும் வெளிவிடாத முறை எல்லோருக்கும் ஒன்றுபோல விதியாயிற்று. நேர்மைக்கு விலை இருக்கும் இடத்தில் அந்த விலையைக் கட்ட ஏற்பாடு செய்யாமல், கடைசியில் நிற்கும் எளியவனிடம் மட்டும் அதை வசூலிக்க முயல்வது அநீதி என்பதை அறிந்த ஊர் இது.

மைதானத்தின் கடைசியில் நிற்கும் எளியவள் அந்த மாணவி. அவள் உண்மையைச் சொல்ல வேண்டியவளே. இதில் இந்தக் கட்டுரைக்கு ஐயமில்லை. ஆனால் அவள் சொல்லாமற் போனால், அந்தப் பழியில் பெரும்பங்கு, சொல்வதை அவளுக்கு அசாத்தியமாக்கி வைத்த பெரியவர்களைச் சேரும். காட்டிக்கொடுத்துவிட்டாயே என்று வேனில் திரும்பும் வழியெல்லாம் குத்திக்காட்டும் பயிற்சியாளர், வெற்றிக் கோப்பைகளை மட்டும் எண்ணி உடற்கல்வி ஆசிரியரை மதிப்பிடும் நிர்வாகம், எல்லைக்கோட்டருகே நின்று நடுவரை ஏசும் பெற்றோர் ஆகிய எல்லோரும் அவள் தோளைத் தொட்ட கையுறையைவிட வன்மையாக அவள் வாயை அடைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் செவியால் கற்பதைக் காட்டிலும் கண்ணால் கற்பதே அதிகம். 2025 ஜூனில், தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திருப்பூர் தமிழன்ஸ் அணிக்கு எதிராகக் கோயம்புத்தூரில் ஆடிய ரவிச்சந்திரன் அஸ்வின், எல்.பி.டபிள்யூ. என்று தீர்ப்பான உடனே நடுவரிடம் வாதிட்டு, மட்டையால் தம் காற்காப்பில் ஓங்கி அடித்தபடி வெளியேறினார். ஆட்ட ஊதியத்தில் 30 விழுக்காடு அவருக்கு அபராதமாக விதிக்கப்பட்டது. தீர்ப்பு பிழையானது என்று அவர் கருதியதற்கு ஆதாரம் இருந்திருக்கலாம். அவருடைய ஆட்ட அறிவுக்கு ஈடானவர்களும் மிகச் சிலரே. ஆயினும் பாதகமான பிழைக்குக் கொதிக்கவும், சாதகமான பிழையை அதிர்ஷ்டமென்று வாங்கிக்கொள்ளவும் ஒரு தலைமுறை பழகிவிட்டால், நடுவர் என்ற ஸ்தானத்தின்மீது அதற்கு மரியாதை எங்கிருந்து வரும்? இவ்விரண்டு பழக்கங்களும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை.

சிலர் இதற்குப் பரிகாரமாக, உண்மையைச் சொல்லும் ஆட்டக்காரருக்கு நன்னடத்தைக் கோப்பை கொடுக்கலாம் என்கிறார்கள். நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான். ஆனால் பரிசுக்காகக் கையுயர்த்தும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், ஆட்டத்தின் போக்கை மாற்றாத தொடுகைகளுக்கெல்லாம் தாராளமாக உயரும் கை, முடிவை நிர்ணயிக்கும் தொடுகையில் மட்டும் அசையாமல் கிடக்கும். வேண்டியது பரிசன்று, இழப்பில்லை என்ற உறுதி. பருவம் தொடங்குமுன் பயிற்சியாளர் அணியைக் கூட்டி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் நடந்ததைச் சொல்லுங்கள், அதனால் ஆட்டம் போனால் அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லவேண்டும். தலைமையாசிரியர் அந்தப் பொறுப்பைப் பயிற்சியாளரின் கணக்கில் தோல்வியாக எழுதாதிருக்க வேண்டும். பெற்றோர் வீட்டில் அதை ஒரு குற்றமாகப் பேசாதிருக்க வேண்டும். அந்த உறுதிமொழி மெய்யானதா என்பது, கையுயர்த்திய மாணவியால் அணி தோற்ற மறுவாரம், அடுத்த ஆட்டத்துக்கு ஒட்டப்படும் பெயர்ப்பட்டியலில் அவள் பெயர் வழக்கமான வரிசையிலேயே இருக்கிறதா என்பதில் தெரிந்துவிடும்.